காலா கோலோரிட்சே: சார்டினியாவின் ஒதுங்கிய கடற்கரைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் கடலோரத்தில் பேர்பெற்ற கரைகள் நிறைய உண்டு. பலவற்றில் குடை வாடகை, சாய்நாற்காலி வரிசை, காதைப் பிளக்கும் பாட்டு. இவை எதுவும் இல்லாத ஒரு சிறு குடா சார்டினியாத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. 2025இல் "உலகின் 50 சிறந்த கடற்கரைகள்" பட்டியலில் முதலிடம் கிடைத்த பிறகு அதைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை.

காலா கோலோரிட்சே சரியாக எங்கே இருக்கிறது?

சார்டினியாவின் கிழக்கில் ஒரோசேய் வளைகுடா என்று ஒரு நீண்ட வளைவு உண்டு. ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் நேராகக் கடலில் இறங்குகிற கரை அது. அந்த வளைவின் தென்கோடிப் பக்கம், ஒல்யாஸ்த்ரா வட்டாரத்தில், பவுனேய் என்ற மலையூரின் எல்லைக்குள் காலா கோலோரிட்சே இருக்கிறது. கடற்கரை வரை சாலை கிடையாது. போடவும் முடியாது, மலை அப்படி. பவுனேய் ஊரே கடல் மட்டத்துக்குச் சுமார் 480 மீட்டர் மேலே, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஊருக்கு மேலே கோல்கோ என்ற பீடபூமி. அங்கிருந்துதான் கடலுக்கு இறங்க வேண்டும்.

மிகப் பழமையான கடற்கரையா?

பாறை பழையது, டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. கடற்கரை அப்படி இல்லை. 1962இல் ஒரு பெரிய மலைச்சரிவு நடந்தது. மேலிருந்து உடைந்து விழுந்த பாறைகளை அலைகள் அரைத்து உருட்டியதில்தான் இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கூழாங்கல் கரை உருவானது. ஊரில் வயதானவர்கள் பலருக்கு இந்தக் கரை அவர்களை விட இளையது.

கரையின் தெற்கு முனையில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் ஒரு இயற்கை வளைவு இருக்கிறது. படங்களில் அதிகம் வருவது அதுதான். பின்னால் 143 மீட்டர் உயரத்துக்கு ஒற்றையாய் எழும்பி நிற்கும் ஊசிப்பாறைக்கு அகூல்யா என்று பெயர். சார்டினியா மாகாண அரசு 1993இல் இந்த இடத்தை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது.

தண்ணீருக்கு ஏன் அப்படி ஒரு நிறம்? படத்தில் ஏதாவது செய்துவிடுகிறார்களா?

இல்லை, நேரிலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த மலை முழுக்கச் சுண்ணாம்பு. பெய்கிற மழை மேலே ஓடாமல் வெடிப்புகள் வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடி வண்டலைக் கடலில் கொட்டும் ஆறு எதுவும் அக்கம்பக்கத்தில் இல்லை. சிசினே, லூனா போன்ற பள்ளத்தாக்குகள்கூடப் பெரும்பாலான மாதங்கள் வறண்டே கிடக்கும். உள்ளே இறங்கிய தண்ணீர் குகைகள் வழியாக வடிகட்டப்பட்டு, கடல் மட்டத்தில் நன்னீர் ஊற்றாக வெளியே வருகிறது. கோலோரிட்சேயின் கரையோரத்திலேயே அப்படி ஊற்றுகள் உண்டு. நீந்திக்கொண்டிருக்கும்போது காலில் சட்டென்று ஒரு குளிர் ஓட்டம் படும். சில இடங்களில் நன்னீரும் உப்புநீரும் கலந்து தண்ணீரே எண்ணெய் போல நெளியும்.

கலங்கல் இல்லாத தண்ணீர், அடியில் வெள்ளைக் கல், மேலே வெயில். ஆழம் கூடக் கூட வெளிர்பச்சையிலிருந்து அடர்நீலத்துக்கு மாறுகிறது. மேகமூட்டமான நாளில் போனால் நிறம் பாதியாகக் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாளைக்கு 250 பேர் மட்டும்தானா? முன்பதிவு கட்டாயமா?

கோடைப் பருவத்தில் நடந்து வருகிறவர்களுக்கு அந்த வரம்பு உண்டு. கட்டணமும் உண்டு. 2025இல் ஆளுக்கு 7 யூரோ. "ஹார்ட் ஆஃப் சார்டினியா" என்ற செயலியில் முன்பதிவு செய்து, பாதை தொடங்கும் சு போர்தெத்து என்ற இடத்தில் காட்ட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குக் கரையை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் பவுனேய் நகராட்சி ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கும். போகிற ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஆண்டு போய்வந்தவர் சொன்னதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"காசு கொடுத்து விமானம் ஏறி வருகிறோம், 250 பேரோடு கதவை மூடினால் எப்படி?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டார். கரையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மிகச் சின்ன இடம் அது. அங்கே 250 பேரே நெருக்கமாகத்தான் இருக்கும். வரம்பு வருவதற்கு முன் ஆகஸ்ட் மாதங்களில் கூட்டம் நெரிந்தது, குப்பையும் கழிவும் பாறை இடுக்குகளில் சேர்ந்தன. அள்ளிப் போக வண்டி வராது. ஒவ்வொரு மூட்டையும் மனிதத் தோளிலோ படகிலோதான் வெளியே போக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கிடைக்காமல் போகிற நாள் எனக்கானதாக இருந்தாலும் சரி.

சார்டினியாவில் இது ஒன்று மட்டும் இல்லை. வடமேற்கில் ஸ்தின்தீனோ ஊரின் லா பெலோசா கடற்கரையிலும் கோடையில் ஆள் வரம்பு, கட்டணம் இரண்டும் உண்டு. அங்கே துண்டை நேராக மணலில் விரிக்கக்கூட விடமாட்டார்கள், அடியில் பாய் போட வேண்டும். ஈரத்துண்டில் ஒட்டிக்கொண்டு மணல் போய்விடுகிறது என்பதுதான் காரணம். வடக்கே புதெல்லி தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் 1990களிலிருந்தே யாரும் கால் வைக்க முடியாது.

நடந்து போவதா, படகில் போவதா?

நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள்.

படகில் போனால் கோலோரிட்சேயில் இறங்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் அதிகம். குடாவுக்கு வெளியே மிதவைகள் கட்டி எல்லை வைத்திருக்கிறார்கள். மோட்டார் படகுகள் அதைத் தாண்டக் கூடாது. சாந்தா மரியா நவரேசே, அர்பதாக்ஸ், காலா கொனோனே துறைகளிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் படகுகள் எல்லையில் சற்று நேரம் நிற்கும், படம் எடுக்கலாம், அவ்வளவுதான். அதன் பிறகு காலா மரியோலு போன்ற பக்கத்துக் கரைகளில் இறக்கிவிடுவார்கள். அவையும் மிக அழகானவை.

படகுப் பயணத்தில் வேறொரு லாபம் உண்டு. பாறைச்சுவரின் முழு உயரம் கடலிலிருந்து பார்த்தால்தான் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள், வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் படகைத் தேர்ந்தெடுப்பதே சரி. குறைந்த திறன் மோட்டார் பொருத்திய ரப்பர் படகுகளை உரிமம் இல்லாமலே வாடகைக்குத் தருவார்கள். கடல் பழக்கம் இல்லாதவர் அதில் கை வைக்க வேண்டாம் என்பேன்.

நடைபாதை எவ்வளவு கடினம்?

தூரம் போக 3.5 கிலோமீட்டர், வர அதே அளவு. கேட்கச் சுலபமாக இருக்கும். கவனிக்க வேண்டியது இறக்கம்: 400 மீட்டருக்கு மேல் இறங்கி, மாலையில் அதே உயரத்தை ஏற வேண்டும். இறங்க ஒன்றேகால் மணி, ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உற்சாகமாக இறங்கும்போது இது உறைக்காது. நீந்திக் களைத்து, உப்பு காய்ந்த உடம்போடு, சூடேறிய கல்லின் மேல் திரும்ப ஏறும்போதுதான் தெரியும்.

சு போர்தெத்துவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தொடங்கினால் முதலில் சிறிது ஏற்றம். ஒரு கணவாயைத் தாண்டியதும் தூரத்தில் கடல் தெரியும். அதற்கப்புறம் முழுக்க இறக்கம்தான். காலடியில் மண் குறைவு. உருளும் கற்களும் கூர்மையான சுண்ணாம்புப் பாறையும் மாறி மாறி வரும். வழி தவற வாய்ப்பு குறைவு, பாதை தெளிவாகத் தேய்ந்திருக்கிறது. பெரிய ஓக் மரங்கள் சில இடங்களில் நிழல் தரும், அங்கே நின்று தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

வழியில் பாறைக் குடைவுகளும் ஆட்டிடையர்களின் பழைய குடில்களும் வரும். கூயிலே என்று சொல்கிறார்கள். வட்டமாகக் கல் அடுக்கி, அதன் மேல் ஜூனிப்பர் மரக் கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்துக் கட்டியவை. ஆணியோ சிமென்ட்டோ இல்லை. ஜூனிப்பர் எளிதில் உளுக்காது, மழையிலும் மக்காது. பல தலைமுறை கண்ட கட்டைகள் அவை. அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்தப் பக்கத்துப் பாதைகள் பலவற்றுக்குப் பின்னால் இன்னொரு உழைப்பும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இத்தாலியின் டஸ்கனிப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து இந்தக் காடுகளில் தங்கிக் கரிமூட்டம் போட்டார்கள். ஓக் மரங்களை வெட்டிக் கரியாக்கி, கழுதைகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலில் அனுப்பினார்கள். மூட்டம் போட்ட வட்டமான சமதளங்கள் இன்றும் காட்டுக்குள் தென்படும். இன்று நாம் நீந்தப் போகும் குடாக்கள் அன்று கரி ஏற்றும் துறைகள்.

பாதி வழிக்கு மேல் அகூல்யா திடீரென்று எதிரே வந்து நிற்கும். அதன் அடிவாரத்தைச் சுற்றிப் போய், கடைசியில் படிகள் இறங்கினால் கரை.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது. கோடையில் மூன்று. பாதையிலோ கரையிலோ கடை, குழாய் எதுவும் இல்லை. பிடிமானமுள்ள மூடிய காலணி கட்டாயம். ரப்பர் செருப்போடு வந்து பாதி வழியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். நீந்தும்போது போட்டுக்கொள்ளத் தண்ணீர்க் காலணி இருந்தால் கூழாங்கல்லில் நடப்பது எளிது. தொப்பி, கட்டுச்சோறு, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை. கழிப்பறை மேலே சு போர்தெத்துவில்தான் இருக்கிறது. அங்கேயே போய்விட்டு இறங்குங்கள்.

கைபேசி இணைப்பு பல இடங்களில் கிடைக்காது. நுழைவுச் சீட்டைப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112. கடலோரக் காவலுக்கு 1530.

எந்த மாதம், எந்த நேரம்?

ஜூன் முதல் பாதியும் செப்டம்பரும் என் முதல் தேர்வு. செப்டம்பரில் கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் இதமாக இருக்கும், கூட்டம் வடியத் தொடங்கியிருக்கும். மே மாதம் நடைக்கு அருமை, தண்ணீர் மட்டும் நமக்குக் குளிரும். ஆகஸ்ட் இத்தாலியர்களின் விடுமுறை மாதம். வேறு வழி இருந்தால் தவிருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான விஷயம். கரை கிழக்கு பார்த்தது, பின்னால் உயரமான மலை. பிற்பகலிலேயே மலையின் நிழல் கரையில் விழத் தொடங்கிவிடும். நிறமும் வெயிலும் வேண்டுமானால் காலையில் போக வேண்டும். "மாலை நான்கு மணிக்கு மெதுவாகப் போய்ச் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம்" என்ற திட்டம் இங்கே செல்லாது. சூரியன் மறைவது மலைக்குப் பின்னால்.

காற்றையும் பாருங்கள். சார்டினியாவில் அடிக்கடி அடிக்கும் வடமேற்குக் காற்றை மலை தடுத்துவிடும். கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசினால் அலை நேராகக் குடாவுக்குள் வரும். அன்று படகுகள் கிளம்பாது, நீந்துவதும் புத்திசாலித்தனம் இல்லை.

நீச்சல் தெரியாதவர்கள், குழந்தைகள் போகலாமா?

போகலாம், கவனத்தோடு. கூழாங்கல் கரை என்பதால் ஆழம் சீக்கிரம் கூடும். நாலு எட்டு வைத்ததும் கால் எட்டாமல் போகலாம். அலை இல்லாத நாளில் விளிம்பில் உட்கார்ந்து நனைவதே இன்பம். தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவு போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. உயிர்காப்பாளர் இருப்பார் என்ற எண்ணத்தில் போகாதீர்கள்.

நடைக்குப் பழகிய ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நன்றாகவே இறங்கி ஏறுகிறார்கள். கைக்குழந்தையோடு கோடை வெயிலில் வேண்டாம். பாறைச்சுவரை ஒட்டி நிழலுக்காக ஒதுங்குவதும் வேண்டாம். மேலிருந்து கல் விழும், ஆடுகள் தட்டிவிடுவதும் உண்டு.

அந்த ஊசிப்பாறை மேல் ஏறலாமா?

பாறையேற்றம் கற்றவர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். 1981இல் மனோலோ என்று அறியப்படும் மௌரிட்சியோ ட்சனோல்லாவும் அலெஸ்ஸாந்த்ரோ கோக்னாவும் இதில் ஒரு வழியைத் திறந்தார்கள். "காற்றாலைகளின் சிம்பொனி" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இத்தாலியப் பாறையேற்றக்காரர்களிடையே இன்றும் பேசப்படும் வழி அது. மற்ற நாம் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்க்கலாம். நடுவில் சின்னப் புள்ளியாக யாராவது தொங்கிக்கொண்டிருந்தால், 143 மீட்டர் என்ற எண்ணுக்கு அப்போதுதான் பொருள் விளங்கும்.

மேலே பார்க்கும்போது பருந்தை விடச் சிறிய, நீண்ட இறக்கைகள் கொண்ட பறவை பாறையோரம் வேகமாகப் பாய்ந்தால் அது எலியனோரா வல்லூறாக இருக்கலாம். கோடையின் பின்பகுதியில் இந்தப் பாறைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு மடகாஸ்கர் வரை பறந்து போகும் பறவை. 14ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் ஒரு பகுதியை ஆண்ட எலியனோரா என்ற அரசியின் பெயர் அதற்கு. வல்லூறுகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்டவர் அவர்.

ஒரே ஒரு கூழாங்கல் நினைவுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. மணல், கல், சிப்பி எதையும் எடுக்கக் கூடாது என்று 2017இல் சார்டினியா மாகாணம் சட்டம் போட்டிருக்கிறது. அபராதம் 500 முதல் 3,000 யூரோ வரை. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் பைகளைச் சோதிக்கிறார்கள். 2019இல் தீவின் தெற்கே கியா கடற்கரையிலிருந்து சுமார் 40 கிலோ மணலைக் காரில் ஏற்றிக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுத் தம்பதி பிடிபட்ட செய்தி உலகம் முழுக்கப் போனது.

ஒரு கல்லில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். இந்தக் கரை ஒரே ஒரு சரிவிலிருந்து வந்த கல்லால் ஆனது. இதை நிரப்ப ஆறு எதுவும் புதுக் கல் கொண்டுவருவதில்லை. போனது போனதுதான்.

சார்டினியாவுக்கு எப்படிப் போவது? விசா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் தேவை. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதியோடு வாழ்கிறவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. அனுமதி அட்டையையும் கடவுச்சீட்டையும் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

ரோம் அல்லது மிலான் வந்து, அங்கிருந்து காலியாரி அல்லது ஓல்பியாவுக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பது வழக்கம். இரண்டு ஊர்களிலிருந்தும் பவுனேய்க்குக் காரில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் நேரம் இருந்தால் தொர்காலி ஊர் வழியாகப் பழைய 125ஆம் எண் மலைச்சாலையைப் பிடியுங்கள். ஜென்னா சிலானா கணவாயில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் சாலை அது. வளைவுகள் அதிகம், வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளவும்.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பவுனேய், சாந்தா மரியா நவரேசே வரை பேருந்தில் வந்துவிடலாம். அங்கிருந்து கோல்கோ மேட்டுக்கு நம்பிப் போகும்படியான பேருந்து இல்லை. தங்கும் இடத்தில் சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பவுனேயிலிருந்து மேலே ஏறும் சாலை செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகள், கடைசிப் பகுதி மண் சாலை. சாதாரணக் காரில் மெதுவாகப் போய்விடலாம். இந்திய உரிமத்தோடு ஓட்டுகிறவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வர வேண்டும். அது இல்லாவிட்டால் வாடகை நிறுவனம் வண்டியைக் கொடுக்க மறுக்கலாம்.

எங்கே தங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கடல் பக்கத்தில் வேண்டுமானால் சாந்தா மரியா நவரேசே. பவுனேயைச் சேர்ந்த சின்னக் கடலோரக் குடியிருப்பு. பழைய காவல் கோபுரமும், தேவாலயத்துக்குப் பக்கத்தில் மிகப் பழைய ஒலிவ மரமும் உள்ள அமைதியான இடம். மலைக்காற்று வேண்டுமானால் பவுனேய் ஊருக்குள்ளேயே அறைகள் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒல்யாஸ்த்ரா நல்ல ஊர். இங்கே குலுர்ஜோனெஸ் என்று ஒரு பண்டம். உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, புதினா சேர்த்துப் பிசைந்த பூரணத்தை மாவுக்குள் வைத்து, கதிர் போல விளிம்பைப் பின்னி மூடி வேகவைக்கிறார்கள். நம் ஊர்க் கொழுக்கட்டையைக் கை தேர்ந்தவர் சொப்பு பிடிப்பது போல, இதற்கும் விரல் வேகம் வேண்டும். மேலே தக்காளிச் சாறு. 2016இல் இதற்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலாடைக்கட்டியில் விலங்கு ரென்னெட் (பாலைத் திரிக்கக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள்) இருக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். காகிதம் போல மெல்லிய கரசாவ் ரொட்டி கெட்டுப்போகாது, கட்டுச்சோற்றுக்கு ஏற்றது. இடையர்கள் மாதக்கணக்கில் மலைக்கு எடுத்துப்போன ரொட்டி அதுதான். அசைவம் என்றால் கோல்கோவில் கிடைக்கும் ஆட்டிறைச்சியும் சுட்ட பன்றிக்குட்டியும் பேர்பெற்றவை.

அங்கேயே கூடாரம் போட்டு இரவு தங்கலாமா?

கடற்கரையில் கூடாது. தீ மூட்டவும் கூடாது. கோடையில் இந்தத் தீவில் காட்டுத்தீ உயிரையே எடுத்திருக்கிறது.

மலையில் பல நாள் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு செல்வாஜ்ஜோ ப்ளூ என்ற நெடுநடை இருக்கிறது. 1980களின் இறுதியில் மாரியோ வெரினும் பெப்பினோ சிகாலோவும் பழைய இடையர் தடங்களையும் கரிக்காரர் தடங்களையும் கோத்து உருவாக்கியது. கயிற்றில் இறங்க வேண்டிய இடங்கள் உண்டு, வழியில் தண்ணீர் கிடைக்காது. வழிகாட்டி இல்லாமல் தொடங்காதீர்கள்.

கோல்கோ மேட்டில் வேறென்ன பார்க்கலாம்?

பலர் வண்டியை நிறுத்தியதும் கடலுக்கு ஓடி, திரும்பியதும் கிளம்பிவிடுகிறார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். சு ஸ்தெர்ரு என்ற பாதாளக் குழி அங்கே இருக்கிறது. சுமார் 270 மீட்டர் ஆழத்துக்கு நேராக இறங்கும் துளை, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். ஆண்டுதோறும் கன்னிப்பெண்களைப் பலி கேட்ட ஒரு பாம்பு அந்த மேட்டில் இருந்ததாகவும், புனித பேதுரு வந்து அதைக் கொன்றதாகவும் ஊர்க்கதை. சற்றுத் தள்ளி அவர் பெயரில் ஒரு வெள்ளைக் கோயில். ஜூன் கடைசியில் அங்கே திருவிழா நடக்கும். கோயிலருகே மனித முகம் போலச் செதுக்கிய, கிறித்தவத்துக்கு முந்தைய நடுகல் ஒன்றும் நிற்கிறது. பழைய வழிபாட்டிடத்தின் மேல் புதிய வழிபாடு வந்தமர்ந்த இடம் என்று பார்த்தவுடன் புரியும்.

மேட்டில் பசுக்கள், கழுதைகள், பன்றிகள் தம்பாட்டுக்குத் திரியும். அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, நிலமும் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். சாப்பாடு கொடுத்துப் பழக்காதீர்கள். பன்றிகள் பையைக் கிழித்துவிடும்.

சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பயணத்தை மாற்ற வேண்டாம், கரையை மாற்றுங்கள். காலா கொனோனேயிலிருந்து கொஞ்ச தூரத்தில் காலா புயிலி என்ற சின்னக் குடா இருக்கிறது. அங்கே சாலை முடிகிறது. அங்கிருந்து சுமார் 4 கிலோமீட்டர், பாறை ஓரமாக ஏறி இறங்கி நடந்தால் காலா லூனா. நீண்ட கரை, பின்னால் வரிசையாகப் பெரிய குகைகள். நடு மதியத்திலும் நிழல் கிடைக்கும். திரும்பி வரும்போது கால் ஓய்ந்துவிட்டால் காலா கொனோனேக்குப் படகு பிடித்துக்கொள்ளலாம், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடை வேண்டாம் என்றால் சாந்தா மரியா நவரேசேக்கு வடக்கே பேத்ரா லோங்கா என்ற இடம் வரை கார் போகும். 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறை ஒன்று கடலோரத்தில் நிற்கிறது. அமைதியான நாளில் அதன் அடியில் பாறையிலிருந்து இறங்கி நீந்தலாம், முன்பதிவு எதுவும் தேவையில்லை.